எங்களுக்கு வேறு கிளைகள் இல்லை
(பழைய பத்திரிகைகளில் சிற்றூர்க் கடை விளம்பரங்கள்: ஒரு திறனாய்வு)

சென்னை ‘தி இந்து’ நாளிதழின் முதல் பக்கத்தில் 1958 வரை செய்தி கிடையாது, விளம்பரம்தான். லண்டன் ‘டைம்ஸ்’ அதைவிடப் பிடிவாதம். 1966 மே மாதத்தில்தான் அது முதல் பக்கத்துக்குச் செய்தியைக் கொண்டு வந்தது. இந்தியாவின் முதல் அச்சுப் பத்திரிகையான ஹிக்கியின் ‘பெங்கால் கெஜட்’ 1780 ஜனவரியில் கல்கத்தாவில் தொடங்கியபோது, அதன் பெயரோடு ‘கல்கத்தா ஜெனரல் அட்வர்டைசர்’ என்ற இன்னொரு பெயரும் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆக, ஒரு காலத்தில் மக்கள் பத்திரிகையைப் பிரித்ததே யார் என்ன விற்கிறார்கள், எந்த வீடு வாடகைக்கு இருக்கிறது, எந்தக் கப்பலில் என்ன சரக்கு வந்தது என்று பார்க்கத்தான். விளம்பரமே அவர்களுக்குச் செய்தி.

இன்றைக்கு விளம்பரப் பக்கத்தை நாம் எச்சில் இலையைத் தள்ளுவது போலத் தள்ளிவிடுகிறோம். படிப்பாளிகளும் அப்படித்தான். காவியத்துக்கு உரை உண்டு, நாவலுக்கு விமர்சனம் உண்டு, சினிமாப் பாட்டுக்குக்கூட ஆய்வேடு உண்டு. கும்பகோணத்திலோ நஞ்சன்கூட்டிலோ ஒரு கடைக்காரர் தன் கைப்பட எழுதி, அச்சாபீசில் கொடுத்து, காசும் கொடுத்து வெளியிட்ட எட்டு வரிக்கு மட்டும் உரை கிடையாது. சமூக வரலாறு எழுதுகிறவர்கள் அவற்றைத் தொடுகிறார்கள். காப்பி எப்போது வந்தது, சோப்பு எப்போது வந்தது என்று அறிய அவை உதவுகின்றன. ஆனால் அந்த வரிகளை வரிகளாகப் படிப்பவர் குறைவு. நான் வியாபாரி. கணக்குப் புத்தகம் கறையானுக்கும் கடிதங்கள் அடுப்புக்கும் போன பிறகு, எங்கள் ஜாதி, அதாவது கடைக்கார ஜாதி, விட்டுச் சென்ற உரைநடை அநேகமாக இது ஒன்றுதான் என்று எனக்குத் தெரியும். அதனால் இதைப் படித்துப் பார்க்க ஒரு முயற்சி.

முதலில் சொல். விளம்புதல் என்றால் சொல்லுதல். தென்பாண்டிப் பக்கத்திலும் மலையாளத்திலும் இலையில் சோறு பரிமாறுவதற்கும் விளம்புதல் என்பார்கள். நம் மைசூரில் கன்னடக்காரர்கள் விளம்பரத்தை ‘ஜாஹீராது’ என்கிறார்கள். அது அரபு-பாரசீக வழியில் வந்த சொல். வெளிப்படையாக்குவது என்று பொருள். ஒன்று சொல்வது, இன்னொன்று மறைக்காமல் திறந்து வைப்பது. ஒரு விளம்பரம் நல்லதா கெட்டதா என்று பார்க்க எனக்கு இந்த இரண்டு சொல்லே போதும்: அது எதையாவது சொல்கிறதா? சொன்னதைத் திறந்து வைக்கிறதா?

தபால்காரர் கொண்டுவந்த வியாபாரம்

பத்திரிகை வருவதற்கு முன்னால் சிற்றூர்க் கடைக்கு விளம்பரம் எதற்கு? எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துக் கடைகளில் கொடி பறந்த செய்தி வருகிறது. அது வெளியூர், வெளிநாட்டு ஆட்கள் வந்து போன துறைமுகம். உள்ளூர் ஆளுக்குக் கொடி வேண்டாம். திருநெல்வேலி இருட்டுக்கடை பேர்ப்பலகைகூட இல்லாமல் மங்கலான வெளிச்சத்தில் சாயங்காலத்தில் அல்வா விற்றே உலகப் புகழ் பெற்றது. அங்கே இருட்டே விளம்பரம்.

சிற்றூர்க் கடைக்காரரைப் பத்திரிகை விளம்பரத்துக்கு இழுத்து வந்தது தபால் இலாகா என்றுதான் நான் சொல்வேன். 1877இல் இந்தியத் தபாலில் வி.பி.பி. முறை வந்தது. சரக்கைத் தபால்காரர் கொண்டுவந்து கொடுத்து, பணத்தை வாங்கி, விற்றவருக்கு அனுப்பிவிடுவார். இரண்டு வருஷம் கழித்து, 1879இல், காலணாத் தபால் கார்டு வந்தது. இந்த இரண்டும் சேர்ந்ததும் நடந்ததைப் பாருங்க. ஒரு சிற்றூர் வைத்தியர் தன் லேகியத்தை முன்னூறு மைலுக்கு அப்பால் உள்ள ஒருவருக்கு விற்க முடிந்தது. வாங்குபவர் காலணாக் கார்டில் எழுதிப் போட்டால் போதும். அவர் கடையைப் பார்த்ததில்லை, கடைக்காரர் முகத்தைப் பார்த்ததில்லை. அவர் பார்த்தது பத்திரிகையில் வந்த எட்டு வரி மட்டும். அந்த எட்டு வரிதான் கடை, அதுதான் முகம், அதுதான் வாக்கு.

ஆகவேதான் அந்தக் கால விளம்பரங்களில் ‘வி.பி.யில் அனுப்பப்படும்’, ‘தபால் செலவு தனி’, ‘கேட்லாக் இனாம்’, ‘எல்லா ஊர்களிலும் ஏஜெண்டுகள் தேவை’ என்ற வரிகள் மந்திரம் போலத் திரும்பத் திரும்ப வரும். தமிழ்ப் பத்திரிகை உலகமே இந்தத் தபால் வியாபாரத்துக்குக் கடன்பட்டிருக்கிறது. திருத்துறைப்பூண்டியில் பிறந்த எஸ்.எஸ். வாசன் பத்திரிகைக்காரர் ஆவதற்கு முன் விளம்பரம் சேகரிப்பவராகவும் தபால் வழியாகப் பொருள் விற்பவராகவும் இருந்தவர். 1928இல் ‘ஆனந்த விகடன்’ பெயரை எழுத்துக்கு 25 ரூபாய் வீதம் எட்டு எழுத்துக்கு 200 ரூபாய் கொடுத்து வாங்கினார் என்று சொல்வார்கள். எழுத்தை எண்ணி விலை போடுவது விளம்பரக்காரர் புத்தி! காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1893இல் பம்பாயில் அமிர்தாஞ்சனம் தொடங்கினார். பிறகு 1908இல் ‘ஆந்திர பத்திரிகா’ நடத்த ஆரம்பித்தார். தைலமும் பத்திரிகையும் ஒரே கையில். கச்சேரிகளில் வந்தவர்களுக்குத் தைலத்தை இலவசமாகக் கொடுத்துப் பழக்கினார் என்பார்கள். தலைவலியோடு வந்தவர் எத்தனை பேர், கச்சேரி கேட்டுத் தலைவலி வந்தவர் எத்தனை பேர் என்பது சபாக்காரர்களுக்குத்தான் வெளிச்சம்.

எட்டு வரியின் இலக்கணம்

இனி உரைநடைக்கு வருவோம். பத்திரிகை விளம்பரத்துக்குப் பத்தி அங்குலக் கணக்கில் காசு. படம் போட வேண்டுமானால் பிளாக் செய்யத் தனிக் காசு. ஆகவே கடைக்காரர் ஒவ்வொரு சொல்லையும் தராசில் போட்டுப் பார்த்துத்தான் எழுதினார். ‘நயம்’, ‘அசல்’, ‘சகாய விலை’, ‘நாணயம்’, ‘தரம்’. இவை அலங்காரம் இல்லை; ஒவ்வொன்றும் ஒரு புகாருக்குப் பதில். நயம் என்று எழுதினால், பக்கத்துத் தெருவில் மட்டம் விற்கிறது என்று பொருள். அசல் என்று எழுதினால் நகல் வந்துவிட்டது என்று பொருள். ‘ஒரே விலை’ என்று எழுதினால் அதுவரை எல்லோரும் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள் என்று பொருள். விளம்பரத்தைத் தலைகீழாகப் படித்தால் அந்த ஊர்க் கடைத்தெருவின் குறைகள் பட்டியலாக வந்து நிற்கும்.

எனக்குப் பிடித்த வாக்கியம் இந்தக் கட்டுரையின் தலைப்பு. ‘எங்களுக்கு வேறு கிளைகள் இல்லை.’ இன்று கம்பெனிக்காரர்கள் எத்தனை ஊரில் எத்தனை கிளை என்று எண்ணிக்கை போட்டுப் பெருமைப்படுகிறார்கள். அன்றைய கடைக்காரர் தன் கடை ஒன்றே ஒன்றுதான் என்று பெருமைப்பட்டார். அதில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது: இதே பேரில் இன்னொரு இடத்தில் பார்த்தால் அது நான் இல்லை. ஒரு பொறுப்பும் இருக்கிறது: சரக்கு கெட்டிருந்தால் கேட்க வேண்டிய ஆள் நான்தான், வேறு யாரையும் கைகாட்ட மாட்டேன். ஒரே வாக்கியத்தில் இவ்வளவு அடங்கியிருப்பது சாதாரணம் இல்லை. தமிழ்நாட்டில் இன்றும் மிட்டாய்க் கடைகளிலும் பட்டுக் கடைகளிலும் இந்த வாக்கியம் எழுதித் தொங்குகிறது. சில இடங்களில் அடுத்தடுத்த இரண்டு கடைகளிலும் தொங்குகிறது. அண்ணன் தம்பி பாகப்பிரிவினை என்று புரிந்துகொள்ள வேண்டியதுதான்.

விலாசம் எழுதிய விதமும் கவனிக்கத்தக்கது. பேர், தெரு, ஊர். பல சமயம் பேரும் ஊரும் மட்டும். கோகுல் சாண்டால் பவுடருக்கு டி.எஸ்.ஆர்., கும்பகோணம் என்றால் போதும். ஊர் சிறியது என்பதால் மட்டும் இல்லை. ஊரே ஜாமீன். நம் பக்கத்தில் இதற்கு நல்ல உதாரணம் நஞ்சன்கூடு பல்பொடி. பி.வி. பண்டிதர் 1913இல் நஞ்சன்கூட்டில் தொடங்கிய சத்வைத்தியசாலையின் சரக்கு. மைசூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள அந்த ஊரின் ஸ்ரீகண்டேசுவரரை நோய் தீர்க்கும் தெய்வம் என்று மக்கள் நம்புகிறார்கள். தன் யானையின் கண் நோய் தீர்ந்ததாக நம்பித் திப்பு சுல்தான் அவரை ‘ஹக்கீம் நஞ்சுண்டா’ என்று அழைத்தான் என்ற கதை உண்டு. அப்படிப்பட்ட ஊரின் பேரைப் பொட்டலத்தில் போட்டால், அதற்கு மேல் எழுத என்ன இருக்கிறது? தமிழ்நாட்டிலிருந்து இங்கே குடிவந்த குடும்பங்கள் கோபால் பல்பொடியிலிருந்து நஞ்சன்கூடு பல்பொடிக்கு மாறியதும் இயல்பாக நடந்தது. அதுவும் ரோஸ் நிறம், இதுவும் ரோஸ் நிறம். பிள்ளைகளுக்கு வித்தியாசம் தெரியவில்லை, இரண்டையும் தின்றார்கள்.

ஊர்ப்பேர் ஜாமீன் நிற்கும்போது, அதைத் திருடுகிறவனும் வருவான். மைசூர் என்ற பேர் எத்தனை சரக்கின் மேல் ஒட்டிக்கொண்டது என்று எண்ணிப் பாருங்க: பாகு, பட்டு, சந்தன சோப்பு, ஊதுவத்தி, வெற்றிலை, மல்லிகை, போண்டா. மளிகைக் கடையில் ‘மைசூர் பருப்பு’ என்று விற்கிறோமே, அது மசூர் பருப்பு. வடக்கத்திப் பேர் நம் காதில் மைசூர் என்று விழுந்துவிட்டது. நம் ஊருக்கு இதில் பங்கே இல்லை. இது தமாஷ். மற்றவை தமாஷ் இல்லை. ‘ஊர்ப்பேர் பார்த்து வாங்குங்கள், போலிகளைக் கண்டு ஏமாறாதீர்கள்’ என்று சிறு கடைக்காரர்கள் நெடுங்காலம் விளம்பரத்தில் கெஞ்சிக்கொண்டிருந்ததை, சட்டம் 1999இல்தான் காதில் வாங்கியது. அந்த ஆண்டு நிறைவேறிய புவிசார் குறியீட்டுச் சட்டம் 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. மைசூர்ப் பட்டு, மைசூர் ஊதுவத்தி, மைசூர் வெற்றிலை, மைசூர் மல்லிகை, நஞ்சன்கூடு வாழைப்பழம் எல்லாம் பதிவாயின. அதற்கு முன் அவற்றுக்கு இருந்த காவல், வியாபாரியின் அந்த ஒரு வரிதான்.

பொய் எங்கே ஆரம்பித்தது?

எல்லா விளம்பரமும் உத்தமம் என்று சொல்ல வரவில்லை. பழைய தமிழ்ப் பத்திரிகைகளைப் புரட்டியவர்களுக்குத் தெரியும், பாதிப் பக்கம் மருந்து. தாது புஷ்டி லேகியம், வசிய மை, ஒரே பாட்டிலில் நூறு வியாதி தீர்க்கும் சஞ்சீவி. தேசபக்தித் தலையங்கத்துக்குக் கீழேயே ஆண்மைக் குறைவுக்கு மாத்திரை. பத்திரிகை ஆசிரியர்கள் கண்ணை மூடிக்கொண்டு காசை வாங்கிக்கொண்டார்கள்.

எங்கள் சமண மரபில் இல்லறத்தார்க்குச் சொன்ன விரதங்களில் வியாபாரியை நேராகத் தொடுகிற பகுதி ஒன்று இருக்கிறது. உமாசுவாமி அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் ஒவ்வொரு விரதத்துக்கும் ஐந்து அதிசாரம், அதாவது வழுக்கல்கள், சொல்லப்பட்டுள்ளன. களவாமை விரதத்தின் வழுக்கல்களில் இரண்டு: அளவையிலும் எடையிலும் கூட்டிக் குறைப்பது, ‘பிரதிரூபக வியவகாரம்’, அதாவது அசலைப் போன்ற போலியைக் கலந்து விற்பது. வாய்மை விரதத்தின் வழுக்கல்களில் ஒன்று ‘கூடலேகக் கிரியை’, பொய்யாக எழுதுவது. கவனியுங்கள், வாயால் சொல்லும் பொய்யோடு நிறுத்தாமல் எழுத்தால் செய்யும் பொய்யைத் தனியாக எடுத்து வைத்தார்கள். கடைத்தெருவை நன்றாகத் தெரிந்தவர்கள்தான் இப்படி வகுத்திருக்க முடியும். தமிழில் அருங்கலச்செப்பு படித்தவர்கள் இந்த வகைமுறையை அறிவார்கள்.

இந்த அளவுகோலை வைத்து நான் சேர்த்து வைத்திருக்கும் விளம்பரங்களைப் பிரித்துப் பார்த்தேன். எனக்குத் தெரிந்தது இது: உள்ளூர் ஆளை நோக்கி எழுதிய விளம்பரம் பொய் சொல்வது குறைவு. பாத்திரக் கடை, ஜவுளிக் கடை, மளிகை, சாப்பாட்டு ஹோட்டல், சைக்கிள் ஷாப், இவர்களால் சொல்ல முடியாது. சொன்னால் மறுநாள் காலையில் ஆள் வாசலில் வந்து நிற்பார். தூரத்து ஆளை நோக்கி எழுதிய விளம்பரத்தில்தான் நூறு வியாதியும் தீர்ந்தது. வாங்கியவர் முன்னூறு மைலுக்கு அப்பால் இருக்கிறார், ரயில் சார்ஜ் கொடுத்து வந்து சண்டை போடப் போவதில்லை. வியாபாரியின் குணம் கெட்டது என்பதைவிடத் தூரம் அவனைக் கெடுத்தது என்பதே என் கணிப்பு. அதனால்தான் இதை நல்லுரையால் திருத்த முடியாமல், 1954இல் மருந்துகள் மற்றும் மாய மருந்துகள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. இன்னின்ன நோயைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்யவே கூடாது என்று பட்டியலே போட்டார்கள். சட்டம் வந்தும் லேகியம் முழுதும் ஒழியவில்லை என்பது வேறு விஷயம்.

தூரத்து விளம்பரம் எல்லாம் பொய் என்று இதை நீட்டவும் கூடாது. தூத்துக்குடியில் 1906 அக்டோபரில் பதிவான சுதேசிக் கப்பல் கம்பெனிக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்கு என்று அறிவித்து வ.உ.சி. ஊர் ஊராகப் பணம் திரட்டினார். கடலைப் பார்த்தே இராதவர்களும் பங்கு வாங்கினார்கள். கப்பலும் வந்தது. பிறகு அந்தக் கம்பெனியை முறித்தது அறிவிப்பில் இருந்த பொய் இல்லை, அரசாங்கம். அதற்கும் முன்னால், உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, அச்சாகாத புத்தகத்துக்கு முன்கூட்டியே கையொப்பம் சேர்த்துத்தான் அச்சுச் செலவைச் சமாளித்தார். எங்கள் சமயக் காவியம் என்பதால் சொல்லவில்லை. வியாபாரக் கண்ணால் பார்த்தாலும் அது பெரிய காரியம். சரக்கு இன்னும் தயாராகவில்லை, வாங்குபவர் எங்கேயோ இருக்கிறார், விற்பவர் கும்பகோணத்துக் கல்லூரி ஆசிரியர். கையெழுத்துப் போட்டவர்கள் எதை நம்பினார்கள்? கீழே இருந்த பேரையும் ஊரையும்தான்.

ஒரு கிழிசலை வைத்துக் காலம் கணிப்பது

இங்கே கொஞ்சம் தொழில் நுணுக்கம் சொல்கிறேன். வீட்டில் பழைய காகிதம் வைத்திருப்பவர்களுக்கு உதவும். என்னிடம் ஒரு பழைய தமிழ் விளம்பரக் கிழிசல் இருக்கிறது. மேல் பாதி போய்விட்டது, கடைப் பேர் இல்லை, தேதி இல்லை. மிஞ்சியது சரக்குப் பட்டியலும் ‘மைசூர்-1’ என்ற ஊர்க்குறிப்பும்தான். இதற்குக் காலம் சொல்ல முடியுமா? முடியும்.

பட்டியலில் விலை ரூபாய்க்குப் பக்கத்தில் ‘ந.பை.’ என்று இருக்கிறது. நயா பைசா 1957 ஏப்ரல் 1இல் வந்தது. 1964 ஜூன் 1 முதல் ‘நயா’வை எடுத்துவிட்டு வெறும் பைசா ஆக்கினார்கள். ஆகவே இது அந்த ஏழு வருஷத்துக்குள். எடை கிலோவில் இருக்கிறது, வீசையில் இல்லை. மெட்ரிக் எடை 1958 அக்டோபர் முதல் படிப்படியாக வந்தது. இடைவெளி இன்னும் சுருங்கிவிட்டது. ‘மைசூர்-1’ என்பது பழைய தபால் எண். ஆறு இலக்கப் பின்கோடு 1972 ஆகஸ்ட் 15இல்தான் வந்தது. எழுத்தில் ‘லை’, ‘னை’ எல்லாம் துதிக்கை வைத்த பழைய வடிவம். தமிழ்நாட்டு அரசு சீர்திருத்த எழுத்தை ஏற்றது 1978இல். எழுத்தை மட்டும் நம்பக் கூடாது. அச்சாபீஸ்காரர் பழைய டைப்பைத் தூக்கிப் போட மனமில்லாமல் இன்னும் பத்து வருஷம் ஓட்டியிருப்பார்.

இப்படி இன்னும் பல தடயம் உண்டு. அணா, பைசா என்றால் 1957க்கு முன். ‘தந்தி விலாசம்’ என்று ஒற்றைச் சொல் இருந்தால் பழைய காலத்துப் பெரிய கடை. தந்தியே 2013 ஜூலையில் நின்றுவிட்டது. மைசூர் சமஸ்தானம் என்றால் ஒரு காலம், மைசூர் ராஜ்யம் என்றால் அடுத்த காலம், கர்நாடகா என்றால் 1973 நவம்பர் 1க்குப் பின். ‘மைசூரு’ என்றால் பெரும்பாலும் 2014 நவம்பருக்குப் பின். கல்வெட்டில் மெய்க்கீர்த்தியை வைத்து அரசன் ஆட்சியாண்டைச் சொல்கிறார்கள் அல்லவா? அதே வேலைதான்.

யார் காப்பாற்றுகிறார்கள்?

வருத்தம் என்னவென்றால் இந்தத் தடயங்கள் நூலகத்திலேயே அழிகின்றன. பத்திரிகைகளை வருஷ வாரியாகப் பைண்டு செய்யும்போது அட்டையையும் விளம்பரத் தாள்களையும் உருவி எறிந்துவிட்டு, கதை கட்டுரையை மட்டும் தைக்கும் வழக்கம் பல இடங்களில் இருந்தது. தொகுதி மெலிதாகும், தையல் கூலி குறையும் என்று கணக்கு.

எதிர்மாறாக ஒருவர் இருந்தார். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா. பேர்ப்பலகை எழுதும் ஓவியர். புத்தகம், பத்திரிகை மட்டும் இல்லாமல் நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, நாடக விளம்பரம் என்று பிறர் தூக்கிப் போட்டதை எல்லாம் சேர்த்தார். அவர் 1992இல் காலமானார். சுமார் ஒரு லட்சம் உருப்படிகள் கொண்ட அந்தச் சேகரத்தைச் சிகாகோப் பல்கலைக்கழகம் வாங்கியது. அதை வைத்துச் சென்னையில் 1994இல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. பட்டம் பெற்ற பண்டிதர் யாருக்கும் தோன்றாதது ஒரு போர்டு எழுதுகிறவருக்குத் தோன்றியது. கடைக்காரரின் எழுத்துக்கு மதிப்பு உண்டு என்று அதை எழுதிப் பிழைத்தவருக்குத்தானே தெரியும்?

மைசூரில் நமக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லை. இங்கே பத்திரிகைகளுக்கும் சோதனை இருந்தது. 1908இல் சமஸ்தானத்தில் வந்த பத்திரிகைச் சட்டத்தால், ‘தாத்தய்யா’ என்று ஊரே அழைத்த எம். வெங்கடகிருஷ்ணய்யா போன்ற பத்திரிகைக்காரர்கள் நெருக்கடிக்கு உள்ளானார்கள், பத்திரிகைகள் நின்றன. பத்திரிகை நின்றால் செய்தி மட்டுமா நிற்கிறது? அதில் வந்துகொண்டிருந்த கடைகளின் தடமும் நிற்கிறது. பிறகு கட்டடங்களின் முறை. பழைய புத்தகக் கடைகள் இருந்த லேன்ஸ்டவுன் கட்டடத்தின் ஒரு பகுதி 2012 ஆகஸ்டில் உயிர்ப்பலியோடு இடிந்தது. தேவராஜ மார்க்கெட்டின் வடக்கு வாசல் பகுதி 2016 ஆகஸ்டில் சரிந்தது. கடையும் போய், கடை இருந்த சுவரும் போனால், அங்கே ஒருவர் முப்பது நாற்பது வருஷம் உட்கார்ந்து வியாபாரம் செய்தார் என்பதற்கு ஒரு விளம்பரத் துண்டைத் தவிர வேறு சாட்சி இராது.

தமிழ்க் கடைகளுக்கு அதுவும் குறைவு. கன்னடப் பத்திரிகையில் விளம்பரம் கொடுக்கச் சிலருக்கு மொழி வரவில்லை. ஆங்கிலப் பத்திரிகைக்குக் காசு கட்டவில்லை. சென்னையிலிருந்து வரும் தமிழ்ப் பத்திரிகையில் மைசூர்க் கடைக்கு விளம்பரம் கொடுத்து என்ன பயன்? மிஞ்சுவது சங்க மலர்கள்தாம். வெளிமாநிலத் தமிழ் வியாபாரியின் வரலாறு ஏதாவது ஓரிடத்தில் அச்சில் இருக்கிறது என்றால் அது இந்த மாதிரி மலர்களின் பின்பக்கங்களில்தான்.

இருக்கிறதா என்று தேடினேன். எனக்குக் கிடைத்த மலர்களை எடுத்து விளம்பரங்களை மட்டும் படித்தேன். பெரும்பாலான பக்கங்களில் ‘வித் பெஸ்ட் காம்ப்ளிமென்ட்ஸ் ஃப்ரம்’, அதன் கீழே ஒரு பேர், ஒரு போன் நம்பர். சில பக்கங்களில் பேர்கூட இல்லை, ‘ஒரு நலம்விரும்பி’. என்ன விற்கிறார்கள்? தெரியாது. எப்போது வந்தார்கள்? தெரியாது. ஆர்க்காட்டுக்காரரா, தஞ்சாவூர்க்காரரா, சேலத்துக்காரரா? தெரியாது. என் அளவுகோலில் இது கூடலேகக் கிரியை ஆகாது. பொய்யே இல்லை. எதையுமே சொல்லாததில் பொய் எங்கே இருக்கும்?

காரணம் எனக்குப் புரியாமல் இல்லை. மலர் விளம்பரம் உண்மையில் விளம்பரம் இல்லை, மொய். சங்கத்துக்காரர்கள் கடைக்கு வருகிறார்கள், நாலு வார்த்தை நல்லதாகப் பேசுகிறார்கள், கொடுக்காமல் அனுப்ப முடியாது. ‘ஏதாவது போட்டுக்கோங்க’ என்று விசிட்டிங் கார்டை நீட்டிவிடுகிறோம். ஆனால் பாருங்க, மொய் நோட்டில்கூட இதைவிட அதிக விவரம் இருக்கும். இன்ன ஊர், இன்னார் மகன் இன்னார், இவ்வளவு ரூபாய் என்று எழுதுவார்கள். அந்த அளவுக்காவது நம் கடையைப் பற்றி நாம் எழுத வேண்டாமா? மலரில் முழுப் பக்கம் வாங்கியவர்கள், சிற்றூர் லேகியக்காரர் எட்டு வரியில் சொன்னதில் கால் பங்கைக்கூடச் சொல்லவில்லை.

இந்த மலருக்கு என் கடை சார்பில் கால் பக்கம் கொடுத்திருக்கிறேன். எந்த வருஷம் ஆரம்பித்தது, எந்த ஊரிலிருந்து வந்தோம், முதலில் எந்தத் தெருவில் இருந்தோம், என்னென்ன சரக்கு, எந்தச் சரக்கு எந்த ஊரிலிருந்து வருகிறது, கடைக்கு எந்தக் கிழமை விடுமுறை என்று பதினோரு வரி எழுதிக் கொடுத்தேன். கடைசி வரி, வேறு கிளைகள் இல்லை. டிடிபி செய்கிற தம்பி பார்த்துவிட்டு, “ஐயா, இவ்வளவு எழுத்து போட்டா டிசைன் அடிபடும். படம் ஏதாவது குடுங்க, கீழே நல்வாழ்த்துகள்னு போட்டுடறேன்” என்றார். “எழுத்தைச் சின்னது பண்ணிக்கோ தம்பி, வரியை மட்டும் எடுக்காதே” என்று சொல்லிவிட்டு வந்தேன்.